குச்சி ஆட்டும் உத்தியோகம்

நான் அந்தமானில், டெலானிபூரில் பெர்மிட் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது, எங்கள் ஆபீஸுக்கு ஒரு பின்லாந்துக்காரர் வந்தார். டோக்கியோ, லண்டன் என்று ஊர் ஊராகப் போய் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களை நடத்துகிறவர். கார் நிக்கோபார் தீவுக்காரர்கள் சர்ச்சில் பாடுவதைக் கேட்க ஆசை, வெளியாள் அந்தத் தீவுக்குப் போகப் பெர்மிட் வேண்டுமாமே என்றார். கப்பலுக்கு நாலு நாள் இருந்தது.

எங்கள் ஆபீஸர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "இவர் என்ன வாசிப்பார்?" என்றார்.

"ஒண்ணும் வாசிக்கமாட்டார், சாப். எண்பது பேர் வாசிப்பாங்க, இவர் குச்சியை ஆட்டுவார்."

"வாசிக்காதவன் என்ன சங்கீதக்காரன்? நிரந்தர வேலை எந்த ஊரில்?"

"எல்லா ஊரிலும், சாப்."

"ஒரே ஊரை எழுதச் சொல்."

மூன்று நாளும் இதே கூத்து. எனக்குத் தலை வெடித்தது. கொண்டுபோகும் சாமான் பட்டியலில் அந்தக் குச்சியையும் நான்தான் டைப் அடித்துத் தொலைத்தேன். கப்பல் கிளம்பும் காலையில் உத்தரவு வந்தது. தொழில் தெளிவாக இல்லாததால் ஆளுக்கு அனுமதி இல்லை. குச்சிக்கு ஆட்சேபணை இல்லை.

பின்லாந்துக்காரர் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பையிலிருந்து குச்சியை எடுத்து என் டைப்ரைட்டர்மேல் வைத்தார்.

"அப்படியென்றால் இது மட்டும் போய்க் கேட்டுவிட்டு வரட்டும்."