திருச்சிவரை வந்த சந்தேகம்

தலத்தெருவில் வசிக்கும் சலோமி, இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங்கைக் கவனிப்பவள். உறையவைத்த இறாலைத் தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கி, வேனில் திருச்சி விமான நிலையத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து அது சிங்கப்பூர் போகும். கொஞ்ச நாளாக, இறால் உருகி ஒன்றோடொன்று ஒட்டி வருவதாக அங்கிருந்து புகார். முதலாளி ஆரோக்கியஜோசப் அவளைத்தான் திட்டினார்.

அவளுக்கு வேன் ஓட்டும் மாறன்மேல் சந்தேகம். டீசலை மிச்சம் பிடிக்க வழியில் குளிர் மெஷினை நிறுத்துகிறான் என்று நினைத்தாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னக்கா, வேவு பாக்க வர்றீங்களா?"

"ஆமா தம்பி. வண்டிய எடுங்க."

அவன் டீ குடிக்க இறங்கியபோதும் அவள் இறங்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆனால் விமான நிலையத்தில் பெட்டிகளை வெயிலில் இறக்கினார்கள். விமானம் தாமதம்.

"இங்க குளிர் ரூம் இல்லையா?" என்று மாறனைக் கேட்டாள்.

"இருக்கு. அதுக்குத் தனி வாடகை. மொதலாளி வேணாம்னுட்டாருக்கா."

அதையும் அவள் நம்பவில்லை. அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தாள்.

"அத யாரு உனக்குச் சொன்னது?" என்றார் அவர். இல்லை என்று சொல்லவில்லை.

"இப்ப உள்ள வைக்கச் சொல்றீங்களா, இல்ல நான் சிங்கப்பூருக்கே பேசவா?"

சற்று நேரத்தில் பெட்டிகள் உள்ளே போயின.

இருவரும் வேனில் திரும்பினார்கள். தஞ்சாவூர் தாண்டியதும், "உங்கள தப்பா நெனச்சுட்டேன் தம்பி" என்றாள் சலோமி.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்கா" என்றான் அவன், சாலையைப் பார்த்தபடியே.