ஏழாம் கதவில் மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாடுலர் கிச்சன் கடைக்காரர் அளவெடுக்க வருவதாக இருந்தது. அவர் அளவெடுத்துவிட்டால், எங்கள் துவாரகா வீட்டுச் சமையலறை அலமாரிகளின் பன்னிரண்டு தேக்குக் கதவுகளும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் போய்விடும். அம்மாவிடம் பேசி நான் வாங்கிய அவகாசம் ஒன்பது நாள்.

கதவுகள் மோசமாகத்தான் இருந்தன. கைப்பிடிகளைச் சுற்றி எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து பழைய பாலிஷ் கறுத்திருந்தது. ஒன்றின் உட்புறத்தை உப்புத்தாளால் உள்ளங்கை அளவுக்குத் தேய்த்து அம்மாவிடம் காட்டினேன்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. பன்னிரண்டையும் யாரு தேய்ப்பா?"

"நான்தான்."

"நீயா? தோசைக்கல்லையே தேய்க்க மாட்டே."

நான் கெமிக்கல் இன்ஜினியர். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கதவுகளுக்கு எண் போட வேண்டும். அதைக் கீல் உட்காரும் குழிக்குள் எழுத வேண்டும், அங்கேதான் உப்புத்தாளும் பாலிஷும் படாது. தேய்க்க மூன்று நாள். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு பூச்சு, பியூ என்கிற பாலியூரித்தேன் பாலிஷ் மூன்று பூச்சு, நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஏப்ரலில் தூசி எங்கிருந்தாவது வந்து உட்கார்ந்துவிடும். கடைசி வரி: பூச்சு முழுதாக இறுக ஏழு நாள்.

அதற்குத்தான் நாள் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே மாட்டிவிட்டேன். தேக்கின் வரிகள் தேன் நிறத்தில் தெரிந்தன. அம்மா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, பழக்கத்தில், அதே கையோடு ஏழாம் கதவைத் திறந்தாள்.

உடனே துடைத்தேன். இரண்டு விரல் அளவுக்கு மஞ்சள் நின்றுவிட்டது. இறுகாத பூச்சுக்குள் சாயம் இறங்கியிருந்தது.

"போச்சு. இதுக்குத்தான் மாடுலர்னு சொன்னேன்," என்றாள் அம்மா. குரலில் வெற்றி இல்லை.

ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவைப் பால்கனி வெயிலில் சாய்த்து வைத்தேன்.

"என்னடி பண்றே?"

"அப்பா வேட்டியில மஞ்சள் பட்டா வெயில்லதானே காயப்போடுவே? தானா வெளுத்துடும்ல?"

"அது வேட்டிடி. இது கதவு."

"மஞ்சளுக்கு அது தெரியாதும்மா."

வெயிலில் மஞ்சளின் நிறம் சிதையும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாலைக்குள் சிதையுமா என்பதுதான் தெரியாது. துணி எடுக்கப் போவதாகச் சொல்லி அம்மா நான்கு முறை பால்கனிக்குப் போனாள். கொடியில் துணியே இல்லை.

ஐந்து மணிக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவை நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், நகத்தால் தடவிப் பார்த்தாள். கறை இருந்த இடம் எது என்று என்னையே கேட்டாள். எனக்கும் காட்டத் தெரியவில்லை.

நான் ஏழாம் கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கடைக்காரருக்கு போன் செய்து, தன் இந்தியில் உரக்கச் சொன்னாள்: "பையா, நாளைக்கு வர வேண்டாம். என் பொண்ணே புது கிச்சன் பண்ணிட்டா."

புது கிச்சன் இல்லை, கதவுகள் மட்டும்தான். நான் திருத்தவில்லை.