ஏரிக்குள் ஒரு வழி

எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப்புறம் என் தாய்வீடு. ஏரி நிரம்பியிருந்தால் கரையைச் சுற்றி, சுங்குவார்சத்திரம் வந்து பஸ் பிடித்து, இறங்கி மறுபடியும் நடக்க வேண்டும். அரை நாள் போய்விடும். வற்றினால் ஏரிக்குள்ளேயே நடந்து, ஒரு உலை சோறு வேகிற நேரத்தில் போய்விடலாம். அதனால் கோடை வந்தால் ஊர் வானத்தைப் பார்க்கும், எனக்குக் கால் பரபரக்கும்.

ஐம்பதுகளில், எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மழை அடுத்தடுத்து ஏமாற்றியது. ஏரி மண் பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்புக்குள் கை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி பிறந்தும் வெயில் சித்திரை மாதிரியே அடித்தது. நாற்றங்கால் பழுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அம்மா படுத்தாள். கால் இரண்டும் நீர் கோத்து வீங்கிவிட்டன. தினமும் மத்தியானம் கஞ்சித் தூக்கோடு ஏரிக்குள் இறங்கி நடப்பேன். செருப்பு கிடையாது.

"ஏரில தண்ணி இல்லன்னு ஊரே தேடுதுடி. எல்லாம் என் கால்ல வந்து குந்திக்கினு கீது," என்று அம்மா சிரிப்பாள்.

எங்கள் ஊரில் கொடும்பாவி இழுக்க முடிவு செய்தார்கள். மழையைத் தடுக்கிற பாவி என்று வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, கடைசியில் ஏரிக்குள் கொளுத்துவது வழக்கம். அந்த அழுகைக்கு வானம் இரங்கும். ஒப்பாரியின் முதல் வரியை ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்தான். என் குரலுக்கு நாலு ஊரில் ஈடு கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

"தொண்டை கட்டிக்கிச்சின்னு நாளைக்கு வந்து நிக்காத. நீ எடுத்தாதான் மேகத்துக்குக் கேக்கும்," என்றார் மாமியார்.

மழை வந்தால் ஊர் பிழைக்கும், என் வழி மூழ்கிவிடும். அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "நான் அழுவ மாட்டேம்மா. ஏரி ரொம்பிட்டா உன்ன எப்டி வந்து பாக்கறது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெக்கமா இல்ல? அத்தினி ஜனம் சோத்துக்கு நிக்குது, நீ ஒரு கிழவிக்கோசரம் மழைய வாணான்றியா? போய் அழு. எனக்கு அழ வேண்டியதையும் சேத்து அழுதுடு. உசுரோட கீறப்பவே கேட்டுக்கறேன்."

மறுநாள் பாவியைத் திட்டித் தொடங்க வேண்டிய இடத்தில் "என்னப் பெத்தவளே" என்று எடுத்துவிட்டேன். பின்னால் வந்தவர்களும் அப்படியே பாடினார்கள். மாமியார் இடுப்பில் கிள்ளினார். "யாருக்குடி அழுவுற?" நான் நிறுத்தவில்லை. ஏரிக்குள் பொம்மை எரியும்போது காற்று அந்தக் கரைப் பக்கம் வீசியது.

அடுத்த நாள் கஞ்சி கொண்டுபோனதும் அம்மா சொன்னாள்: "கேட்டுச்சி. ரெண்டாவது வரில மூச்சு வுட்டுட்ட."

நாலு நாளில் மழை பிடித்தது. பத்து நாளில் ஏரி நிரம்பி வழிந்தது. கார்த்திகையில் சேதி வந்தது. கரையைச் சுற்றி, பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். குரல் வரவில்லை.

"ஊருக்கே அழுதவ, பெத்தவளுக்கு வாயத் தொறக்கறாளா பாரு," என்றாள் ஒருத்தி. நான் தலை குனியவில்லை.

எண்பதுகளில் வெயில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மழை பெய்த வருஷத்திலும் மாசியிலேயே ஏரியின் தரை தெரிந்தது. வழி மாசக்கணக்கில் திறந்து கிடந்தது, அந்தப்புறம்தான் எனக்கு யாரும் இல்லை. ஒரு மத்தியானம் வெறுங்கையோடு நடு ஏரி வரை நடந்தேன். தாய்வீட்டுப் புளியமரம் தெரிந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. மெதுவாக எடுத்துப் பாடினேன். இரண்டாவது வரியில், அதே இடத்தில், மூச்சு விட்டேன்.