கழுவிய கண்கள்

சேக் இஸ்மாயில் 1931இல் மதுரை காஜிமார் தெருவில் பிறந்தார். நான்கு வயதில் கண்ட அம்மையில் இடக்கண் போயிற்று. இருபது வயது முதல் ஆட்டுக்கறிக் கடை நடத்தினார். மனைவி சைனப், பிள்ளைகள் இல்லை. 1984இல் எலும்பு வெட்டும்போது சில்லொன்று வலக்கண்ணில் தெறித்தது. காயம் ஆறியது. ஆனால் கண்ணுக்குள் நூல்போன்ற தழும்பு வளர்ந்து விழித்திரையைப் பற்றி இழுக்கத் தொடங்கியது.

அவரைச் சோதித்தவர் டாக்டர் ஜெயக்கொடி, திருமங்கலத்துப் பெண். வெளிநாட்டிலிருந்து ஓராண்டு இரவலாக வந்த லேசர் கருவியொன்று அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை. நீரைக் கண்ட இடத்தில் அடங்கிவிடும். ஈரமுள்ள திசுவில் மயிரிழை ஆழம் வெட்டி, பின்னால் இருப்பதைத் தொடாமல் நின்றுவிடும். கத்தி நுழைய அஞ்சும் இடத்தில் அது நுழையக்கூடும். முதலில் ஆட்டுக் கண்ணின் கருவிழியில் வெட்டின் ஆழத்தை அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

“அளவு ஒண்ணுபோல வந்தா, மனுசங்களுக்கு அனுமதி கேக்கலாம் பாய். வந்தாத்தான்.”

“வரும்மா. மொதல்ல என் பேரை எழுதிக்கங்க. ஆட்டுக்கண்ணு நான் கொண்டாறேன்.”

“ஈரம் காயாமக் கொண்டாங்க,” என்றார் டாக்டர்.

1986 ஏப்ரல் முதல் நாள்தோறும் காலையில் தூக்குச்சட்டியோடு போனார். வாசலில் பணியாளர் மருது வரவேற்பார்.

“வாங்க பாய். ஊர்ல ஒரு ஆட்டையும் பார்க்க விடமாட்டீங்க போல.”

“உன் மூளையையும் கேட்டாங்க மாப்ள. இருந்தாத்தானே எடுக்கன்னு சொல்லிட்டேன்.”

அடுத்தவர் கைக்குப் போகும் எதையும் மூன்று தண்ணீரில் கழுவித் தருவது அவர் கடையின் முறை. கண்களையும் அப்படியே கழுவினார். காய்ந்துவிடக் கூடாதென்று சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டார். ஆய்வுக்கூடத்துக் குழாயடியில் நீரை வடித்துவிட்டு உள்ளே கொடுத்தார். ஆகவே அவை நீரில் மிதந்து வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அளவுகள் ஒருநாளும் ஒத்துவரவில்லை. டாக்டர் கருவியைத் திருத்தித் திருத்தி வைத்தார். சேக் இஸ்மாயில் தை மாதத்தில் சுவரைத் தடவி நடக்கலானார்.

1987 மார்ச் 10 அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டிலிருந்த சிறிது நீரில் ஒரு துணியை நனைத்து, கண்களை அதில் பொதிந்து கொண்டுபோனார். அன்று பன்னிரண்டு கண்களிலும் வெட்டு ஒரே ஆழத்தில் விழுந்தது. டாக்டர் வெளியே ஓடிவந்தார்.

“இன்னைக்கு என்ன பண்ணுனீங்க பாய்?”

“மன்னிச்சுக்கங்கம்மா. கொழாயில தண்ணி வரல. கழுவாமக் கொண்டாந்துட்டேன்.”

“தினமும் கழுவுவீங்களா?”

“மூணு தண்ணி. அப்புறம் தண்ணியிலயே மெதக்கவிட்டுக் கொண்டாருவேன். காயக்கூடாதுன்னீங்கள்ல?”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊறிய கருவிழி உப்பிவிடும்; ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் உப்பியிருக்கும். பதினோரு மாதங்களாக அவர் அளந்தது அந்த உப்பலைத்தான்.

“ஈரத்துணியத்தான் சொன்னேன் பாய். நான்தான் வெவரமாச் சொல்லல.”

“மெஷின் இன்னும் எம்புட்டு நாள் இருக்கும்?”

“மூணு வாரம்.”

“அதுக்குள்ள முடியுமா?”

“முடியாது.”

“சரிம்மா. நாளைக்குக் கழுவாமக் கொண்டாறேன்.”

வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

“ஏசினாங்களா?” என்றார் சைனப்.

“இல்ல.”

“அப்ப உங்க கண்ணு?”

“சோறு போடு.”

மீதமிருந்த மூன்று வாரமும் துணியில் பொதிந்தே கொண்டுபோனார். இரவல் தவணையை நீட்டக் கேட்டு டாக்டர் எழுதிய கடிதத்துக்கு மறுப்பு வந்தது. மார்ச் 31இல் கருவி பெட்டிக்குள் ஏறியது. உறவினர் சிலர் அவரைக் கவனக்குறைவானவர் என்பதுண்டு. அது சரியன்று, அவரிடம் கவனத்தில் குறை இருந்ததில்லை.

1987 ஆகஸ்டில் வலக்கண்ணும் முழுதாக இருண்டது. 1989 டிசம்பரில் இறந்தார். பார்வையின்றி வாழ்ந்தது இரண்டு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.