போடாத பலகை

லண்டன் நோர்பரியில் இன்று ஒரு கடையின் ஷட்டரை இறக்கியபோது வந்த கிரீஸ் வாசனை, இங்கேயே அப்பா நடத்திய, இப்போது சலூனாகிவிட்ட மளிகைக்கடைக்கு என்னை இழுத்துப் போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தித்துறையில் புகையிலை வியாபாரம் செய்த அப்பாவின் பூட்டனார், கடலில் போன ஆள் திரும்பும்வரை கடைக்கதவின் கடைசிப் பலகையைப் போடமாட்டாராம். அந்த வழக்கப்படியே அப்பாவும், வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த சித்தப்பாவுக்காக, தினமும் ஷட்டரை ஒரு சாண் இடைவெளி விட்டே பூட்டுவார்.

"இஞ்சேருங்கோ, முழுசா இறக்குங்கோ, கள்ளர் வருவாங்கள்," என்பார் அம்மா.

"அவன் இன்னும் வரேல்லை."

அந்த இடுக்கால் ஈரக்காற்று புகுந்து வெங்காயச் சாக்குகள் நமுத்துக் கிடக்கும்.

சண்டை முடிந்து, சித்தப்பா இனி வரமாட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்த பின்னேரம், அப்பா ஷட்டரை முழுவதும் இறக்கினார். அந்த இரும்பு நிலத்தில் முட்டும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.