மணலிப் பக்கம் ரெண்டு தட்டு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரும்பு பைப் இன்னும் நிற்கிறது. துணிக்கொடி கட்ட நட்டது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. அது டெலஸ்கோப் நின்ற கால். தளத்தின் நடுவில் நட்டால் ஆள் நடக்கும்போது ஆடும் என்பதால், கீழே படுக்கையறைச் சுவர் எங்கே ஓடுகிறதென்று அளந்து, அந்தச் சுவரின் தலைக்கு நேராகக் காங்கிரீட் போட்டு நட்டேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மனைவியின் கட்டில் கிடந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது கடைசியில்தான் உறைத்தது.

அது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். காலடிப்பேட்டையில் வீடு, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. மீனும் இறாலும் ஏற்றிப்போகும் குளிர்ப்பெட்டிகளுக்கு நான் எலெக்ட்ரீஷியன். நாள் முழுக்கக் கம்ப்ரெசர் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிவிட்டு, அதே குரலோடு வீட்டுக்கு வருவேன். "செவுடிகிட்ட பேசறா மாரி கத்தாத, நான் இங்கதான் கீறேன்" என்பாள் அவள். வானத்தைப் படம் பிடிக்கும் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் மணலி ஆலைத் தீ, இன்னொரு பக்கம் துறைமுக விளக்கு. நடுவில் கிடைக்கிற கொஞ்சம் வானத்துக்கு அத்தனை பாடு. தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் திட்டுவார்கள், நான் மாடிக்கு ஓடுவேன்.

வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு சேர்த்து டெலஸ்கோப்பைத் திருப்ப ஒரு மோட்டார் வைத்திருந்தேன். நானே செய்தது, ஆகவே ஒழுங்காக ஓடாது. பிலிம் கேமராவின் ஷட்டரைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக விழும். அதற்காகப் பக்கத்தில் இன்னொரு சின்ன டெலஸ்கோப்பைக் கட்டி, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டில் நிறுத்தி, அது விலக விலக யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது என் மனைவிதான். குறுக்குக்கோடும் அவளுடைய தலைமுடிதான், இரண்டு இழை. கேட்டபோது பிடுங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னாயா, சூனியம் கீனியம் வெக்கப் போறியா?" என்றாள்.

கிழக்கு மேற்கு என்றால் அவளுக்குக் குழம்பியது. அவளே ஒரு பாஷை வைத்துக்கொண்டாள். கிழக்கு கடல், மேற்கு மணலி, வடக்கு எண்ணூர், தெற்கு அவள் பிறந்த கல்மண்டபம். "மணலிப் பக்கம் ரெண்டு தட்டு" என்றால் நான் மோட்டாரின் மேற்குப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். பொத்தான் பெட்டியை அவளிடம் நான் கொடுத்ததே இல்லை. தப்பாக அழுத்திவிடுவாள் என்று நினைப்பு. பகலில் எங்களுக்குள், சாப்ட்டியா, கேஸ் புக் பண்ணியா என்பதைத் தாண்டிப் பேச்சு இருக்காது. மாடியில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல், அவள் எல்லாவற்றையும் பேசுவாள். அம்மா வீட்டுச் சண்டை, மாதா கோயில் பாட்டுக் குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை, நாங்கள் பெறாத பிள்ளை, எல்லாம். நடுநடுவே "கடலு ஒண்ணு" என்பாள். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் புகைமண்டலம் முதன்முதலாகப் படத்தில் விழுந்தபோது, "மேலயும் ஒர்த்தன் ஃபேக்டரி வெச்சிகினு கீறான் போல" என்று சிரித்தாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இளைப்பு. படியேறி வந்து ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, பனியில் உட்காரக் கூடாது, மாடி ஏறக் கூடாது, ராத்திரித் தூக்கம் கெடவே கூடாது என்றார். பயம் வந்தால் என்னிடமிருந்து கோபம்தான் வெளியே வரும். "ஸ்வெட்டர் போடுன்னா கேட்டியாமே நீ?" என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கண் இருந்த இடத்தில் ஒரு கேமராவை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெளிநாட்டில் அப்படி ஒன்று விற்றார்கள், என் ஆறு மாதச் சம்பளம். ரிச்சி தெருவில் மலிவாக ஒரு வெப்கேம் வாங்கி, முன் லென்ஸைத் திருகி எடுத்தேன். பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் துளைக்குள் அளவெடுத்தாற்போல் உட்காரும். அதன் அடியை அறுத்து வெப்கேமை ஒட்டினேன். பேட்டரி செத்த பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தது, அதற்கு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும். நட்சத்திரம் நகர்ந்தால் லேப்டாப் கண்டுபிடித்து ரிலேவைத் தட்டும், ரிலே பொத்தானை அழுத்துகிற வேலையைச் செய்யும். நாலு திசைக்கு நாலு ரிலே. இரண்டு செத்துப்போன ஸ்டெபிலைசர்களிலிருந்து ஒவ்வொன்று, ஒன்று லாரி ஹார்னுடையது, ஒன்று யார்டில் கழித்துப் போட்டது. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, டின்னை அந்த இரும்பு பைப்பிலேயே திருகி வைத்தேன். ஒயர்களில் எது எதுவென்று பிளாஸ்திரி ஒட்டி, பால்பென்னால் எழுதிக் கொடுத்தது அவள்தான். கடல், மணலி, எண்ணூர், கல்மண்டபம்.

ஓட்டிப் பார்த்தால், பிடித்து நிறுத்த வேண்டிய நட்சத்திரத்தை அது விரட்டி அடித்தது. மூன்று வாரம் புரோகிராமைத் திட்டினேன், ரிலேவைத் திட்டினேன், பிளாஸ்திரியில் தப்பாக எழுதினாய் என்று அவளையும் திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கஞ்சி டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

"கழுத்து வலிக்காம கீய பாக்கறத்துக்கு எனக்கு ஒரு மிரரு போட்டுக் குட்த்த இல்ல? அத்துல பாத்துதான் நான் கடலு, மணலின்னு எய்தினேன். உன் கேமராக்கு மிரரு ஏது?"

கண்ணாடியில் இடமும் வலமும் மாறும். அதைக்கூட யோசிக்காமல் நான் எலெக்ட்ரீஷியன் என்று திரிந்திருக்கிறேன். கடலையும் மணலியையும் மட்டும் மாற்றிப் போட்டேன். அன்று சாயங்காலம் இருட்டியதும் நட்சத்திரம் ஆணி அடித்தாற்போல் நின்றது. டின்னுக்குள் டக், டக் என்று ரிலே பேசிக்கொண்டே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடிவந்து, "இனிமே நீ மேல வரவே வேணாம்" என்றேன்.

"அப்ப நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாள்.

"தூங்கறத்துக்கு" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. சரி என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லித்தான் அது ஓடியது. எனக்குத் தோன்றவில்லை.

மிச்சக் குளிர்காலம் முழுக்க நட்சத்திரங்கள் எனக்கு உருண்டையாக விழுந்தன. ஒரே ஒரு தடவை பிசகியது. மேகம் வந்து லேப்டாப் நட்சத்திரத்தைத் தொலைத்துவிட்டது, நான் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தேன். படம் முழுக்கப் புழு. காலையில் டீ கொடுத்தபடி, "நேத்து படம் நல்லா வந்துதாயா?" என்று கேட்டாள். "சூப்பரா வந்துச்சி" என்றேன்.

நாளுக்கு நாள் மெலிந்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே கல்மண்டபத்திலிருந்து அவளுடைய அக்கா வந்து கூடவே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். ராயபுரத்துக் கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான் யாரிடமென்று இல்லாமல், "தூங்கினாளே, தூக்கமாவது நிம்மதியா தூங்கினாளே" என்றேன். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

பூசைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்க தம்பி தூங்கினா? நீ மேல டப்பாவ ஓட்டுனா, இந்த செவுத்துல டக்கு டக்குனு வரும். காத வெச்சிகினு படுத்துனு இருப்பா. சத்தத்த வெச்சே சொல்வா. இது மணலி, இது எண்ணூரு, இப்ப கடலுன்னு. அது நின்னாதான் கண்ண மூடுவா."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு நாளு நடுவுல நின்னு பூட்ச்சி. 'நட்சத்திரத்த வுட்டுட்டான்கா, தூங்கிட்டான் போல, நான் போய் எய்ப்பறேன்'னு எந்திரிச்சி படிகிட்ட பூட்டா. நான்தான் புட்ச்சி இட்டாந்தேன். காலீல நீ நல்லா வந்துச்சின்னு சொன்னியாம். 'பொய்யி சொல்றான்கா, பாவம்'னா."

அவர் போன பிறகு, பட்டப்பகலில் மாடிக்குப் போனேன். லேப்டாப்பில் நாலு ரிலேயும் மாறி மாறி அடிக்கும்படி வைத்துவிட்டு, கீழே வந்து அவள் கட்டிலில் படுத்து, சுவரில் காதை வைத்தேன். சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எது மணலி, எது கடல் என்று பார்த்தேன். அரைமணி நேரம் படுத்திருந்தேன். கம்ப்ரெசர் பக்கத்தில் கெட்டுப்போன காது. நாலும் எனக்கு ஒரே டக்காகத்தான் கேட்டது.