ஊதாத் துணி

நேபிள்ஸ் நகரத்தின் சின்ன நாடக அரங்கு ஒன்றுக்குள் ஊதாச் சால்வையோடு நுழைந்துவிட்டேன். விளக்குக்காரி கார்லா, "வியோலா! நோ, நோ!" என்று கத்தி, சால்வையைப் பறித்து வாசலுக்கு வெளியே எறிந்தாள். இத்தாலிய மேடைக்கு ஊதா ஆகவே ஆகாதாம். அது தவக்காலத்தின் நிறம்; பழைய காலத்தில் அந்த நாற்பது நோன்பு நாட்களும் அரங்குகளைப் பூட்டிவிட, நடிகர்கள் பட்டினி கிடந்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கையில், எத்தாளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் சுரூபங்களை, அந்தப் புனிதர் சிலைகளை, ஊதாத் துணியால் மூடினால்தான் மேடையே எழும்பும்; ஆண்டவர் உயிர்த்த ஞாயிறன்றுதான் துணியை எடுப்பார்கள். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில், பதினேழு வயதில், அவர் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவாக நின்றேனே, நான் நடிகையானது அந்த நாட்களில்தான்.

பிறகு கொழும்பில் பன்னிரண்டு வருடம் சிங்களத் தொலைக்காட்சி நாடகங்கள். தமிழ் வேலைக்காரி, தமிழ் விதவை, திரும்பவும் தமிழ் வேலைக்காரி. யாரோ எழுதிய அழுகையை யாரோ காட்டிய இடத்தில் நின்று அழுதேன். சீ என்று போயிற்று. இங்கே வந்து, முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலைக்கு நடுவே, எழுதவும் இயக்கவும் தொடங்கினேன். இனி யார் அழுவது, எப்போது அழுவது என்பதை நான் தீர்மானிப்பேன் என்றொரு திமிர்.

முதல் நாடகம் என் அக்கா பிலோமினாவின் கதை. அவளுடைய கணவர் அந்தோனி அத்தான் போன வருடம் கடலுக்குப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடல் கிடைக்காவிட்டால், ஆள் இறந்துவிட்டார் என்பதற்கு மனைவி ஓம் என்று சொல்லாமல் எங்கள் கரையில் இறந்தவர் பூசை வைக்கமாட்டார்கள். அக்கா இன்னும் சொல்லவில்லை. நானோ கடைசிக் காட்சியில் சவப்பெட்டி வைத்தேன், பூசை வைத்தேன், அத்தானின் பெயரைக்கூட மாற்றவில்லை. ஒத்திகை வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டேன், நான் இப்போது டைரக்டர் என்று காட்ட. அறிவுகெட்ட வேலை.

மறுநாள் அக்கா அழைத்தாள்.

"அவருக்குப் பெட்டி செஞ்சிட்டியாடி?"

"அக்கா, அது நாடகம்."

"நாடகமா? முந்தல் ஊர்ல இருந்து அவர்ட தங்கச்சி கறுப்பு உடுத்து வந்து குந்தியிருந்து அழுறா. நான் ஓம் எண்டு சொல்லித்தான் நீ செஞ்சாய் எண்டு சனம் கதைக்குது. பிள்ளையள் கேக்குதுகள், அப்பா செத்திட்டாரா எண்டு. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தான் வரமாட்டார் என்று என் மனதுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் அக்கா. அவள் வாயிலிருந்து வரவேண்டியதை நான் பிடுங்கி மேடையில் வைத்துவிட்டேன்.

பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். "அப்படியென்றால் அவன் செத்தானா, இல்லையா?" என்று அரங்கு நிர்வாகி அம்மையார் கேட்டார். "நொன் லோ ஸோ," தெரியாது என்றேன். எனக்கு முடிவு எழுதத் தெரியாது என்று விளங்கிக்கொண்டு தோளைத் தட்டினார். "நீ நடிகைதானே, பரவாயில்லை. எழுத வேறு ஆளைப் பிடிப்போம்."

அன்றே முடிவை எழுதினேன். மனைவி, அவர் வழக்கமாக உட்காரும் கதிரையை ஊதாத் துணியால் மூடுகிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். கார்லா தீட்டுக் கழிக்கிற மாதிரி இரும்பைத் தொட்டுத் தொட்டு விளக்கை இயக்கினாள். தவக்காலத்தில் ஒரே ஒரு மாலை மேடையேறியது. கைதட்டல் குறைவு. துணியை உடனே வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள்.

நாடகம் மேடையேறியதை அழைத்து அக்காவிடம் சொன்னேன்.

"கடைசில அவர் வந்தாரா?"

"இல்லக்கா. பெட்டியும் இல்ல. கதிரைய ஊதாத் துணியால மூடி வச்சிருக்கு."

எத்தனையோ மாதங்களாக நான் கேட்காத ஒரு தெம்பு அவள் குரலில்.

"அப்ப உயிர்த்த ஞாயிறுக்குத் துணிய எடுப்பீங்கதானே?"

இந்தக் கேள்வியை நான் எழுதவில்லையே, ஆண்டவரே. "ஓம் அக்கா," என்றேன்.

உயிர்த்த ஞாயிறு வந்து போய்விட்டது. ஊரில் மணியடித்து எல்லாத் துணிகளையும் எடுத்துவிட்டார்கள். அன்று அக்கா மூன்று தரம் அழைத்தாள். நான் போனை எடுக்கவில்லை. அரங்கிலிருந்து கொண்டுவந்த துணி இன்னும் என் அறைக் கதிரையின் மேலேயே கிடக்கிறது. எனக்கு இருப்பது ஒரே ஒரு கதிரை. கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.